மரத்துக்கு யார் சொன்னது?

மே மாதம் இரண்டாவது வாரம். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, சென்னை அண்ணா நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பத்து வயது. தூக்கக் கலக்கம், முகத்தில் கோபம். வாசலைத் தாண்டியதும் நடைபாதை முழுக்க மஞ்சள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். கொன்றை. இலை என்று சொல்ல ஆங்காங்கே நாலு. மற்றதெல்லாம் சரம் சரமாகப் பூ.

"மாமா, நமக்கு லீவு விட்டாச்சுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. இந்த மரத்துக்கு யாரு சொன்னா?"

சட்டென்று பதில் வரவில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லிச் சமாளித்தேன். பெரியவர்கள் அப்படிச் சொன்னால் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்கென்று ஒரு துறையே இருக்கிறது. ஃபீனாலஜி. தமிழில் பருவநிகழ்வியல் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆண்டின் எந்த நாளில் எது தளிர்க்கிறது, எது பூக்கிறது, எது கூவுகிறது, எது கூடு கட்டுகிறது, அது ஏன் அந்த நாளில் நடக்கிறது என்று கவனிப்பதுதான் விஷயம். நம் வீட்டுப் பாட்டிகளுக்குப் புதிதல்ல. சித்திரை முதல் நாள் இலையில் வேப்பம்பூ பச்சடி வருகிறதென்றால், அந்த நாளில் வேப்ப மரத்தில் பூ இருக்கும் என்று யாரோ நெடுங்காலம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய காடெல்லாம் தேவையில்லை. எங்களுக்கு நடக்கிற தூரத்திலேயே டவர் பார்க் இருக்கிறது, 1968 கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தோடு. கிண்டிக்குப் போனால் வெளிமானே பார்க்கலாம். ஆனால் அங்கெல்லாம் எத்தனை முறை போவோம்? பருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதே மரத்தை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். பால் வாங்கப் போகிற வழியில் இருக்கிற மரம்தான் அதற்குச் சரி.

கொன்றைக்கே வருகிறேன். வெயில் கொளுத்தும்போது ஏன் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கிறது? இலை மரத்துக்குச் சாப்பாடு சமைக்கிற இடம். அதே சமயம் தண்ணீர் செலவாகிற இடமும் அதுதான். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மண் காய்ந்திருக்கிற மாதங்களில் இலையை உதிர்ப்பது செலவைக் குறைக்கிற வழி. அப்படி மிச்சம் பிடித்த நீரில் மொட்டுக்குப் பங்கு கிடைக்கிறது. இலை மறைக்காததால் பூ தூரத்திலிருந்தே பூச்சிக்குத் தெரியும். மழை இல்லாததால் மகரந்தம் நனைந்து வீணாகாது.

வேம்புக்கு இன்னொரு கணக்கு. அது சித்திரையில் பூத்து, ஆனி, ஆடியில் பழம் கொட்டும். வேப்பங்கொட்டையின் முளைக்கும் திறன் சில வாரங்களிலேயே போய்விடும். அதனால் பழம் விழுகிற நேரமும் மண் ஈரமாகிற நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கொன்றை விதைக்கு அந்த அவசரம் இல்லை. கல் மாதிரி ஓடு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பூத்துக் குலுங்குகிற கொன்றையில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போன வருடத்துக் காய்கள் கறுத்து, தடி தடியாக, அதே கிளையில் தொங்குவது தெரியும். புதுப் பூவும் பழைய காயும் ஒரே மரத்தில்.

சரி, ஏன் என்பது புரிகிறது. நாள் எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் மூன்று குறிப்புகள்: பகலின் நீளம், வெப்பம், ஈரம். குளிர் நாடுகளில் முதல் இரண்டும் பேசும். லண்டனில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு உறைப்பதே இல்லை. ஆனால் இலையில் உள்ள நிறமிகள் இரவு எவ்வளவு நீளம் என்று அளக்கக்கூடியவை. அந்த ஒன்றரை மணி நேரமும் பல மரங்களுக்குப் போதும். நம் ஊர்ப் பக்கம் ஈரத்தின் பேச்சுக்கும் மதிப்பு அதிகம். இதற்குத் தெளிவான சாட்சி காப்பிச் செடி. ஏற்காட்டிலும் குடகிலும் மொட்டு காய்ந்த மாதங்களில் அப்படியே உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகிவிடும். அந்த ஒரு மழைக்காகத் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த மரம் எந்தக் குறிப்பை எவ்வளவு நம்பும் என்பது மரத்துக்கு மரம் மாறும்.

நம்பி ஏமாறுவதும் உண்டு. குறுந்தொகையில் ஒரு பாட்டு இதைத்தான் பேசுகிறது. கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை; இந்த மரங்கள் மடத்தனமானவை, வேளை தவறிப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன. தோழி சொன்னது உண்மையா, சமாதானத்துக்குச் சொன்ன பொய்யா, அது வேறு வழக்கு. ஆனால் மழை குறிப்பு கொடுக்கும், குறிப்பு தவறலாம், மரம் அதற்கும் பூத்துவிடும் என்ற விவரம் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அங்கே கொன்றை கார்காலப் பூ. எங்கள் பூங்காவில் அதன் உச்சம் சித்திரை, வைகாசி. ஆடி, ஆவணியில் மறுபடி ஒன்றிரண்டு சரம் விடுகிற மரங்களையும் நான் பார்த்திருக்கிறேன். மரத்தின் நாட்காட்டி நம் காலண்டர் மாதிரி அச்சடித்தது இல்லை.

கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "உள்ள என்ன இருக்குன்னு எண்ணு." ஐந்து இதழ். நடுவில் மகரந்தத் தாள்கள் பத்து. பத்தும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். மூன்று மட்டும் நீளமாக, அரிவாள் மாதிரி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு நடுத்தரம். மூன்று குட்டை, பார்த்தாலே உபயோகமில்லாதவை போல. இது அலங்காரம் இல்லை, வேலைப் பிரிவினை. இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்கு மகரந்தமே கூலி. கருநீலமாக மினுங்கும் பெரிய வண்டு ஒன்று கொன்றைக்கு வரும். வண்டு என்கிறோம், உண்மையில் அது மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் தேனீ வகை. நடுத்தரத் தாள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவது போல சின்ன ஓட்டை வழியாக மகரந்தம் கொட்டும். அது வண்டின் சாப்பாடு. அதே நேரம் நீளமான மூன்று தாள்களும் வண்டின் உடம்பில், அதன் கால் எட்டாத இடத்தில், வேறு மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேருவது அதுதான். மரத்தடியில் நின்று காதைக் கொடுத்தால் பறக்கும் ரீங்காரம் ஒரு சுருதி, பூவில் அமர்ந்து அதிர்கிற சத்தம் வேறு சுருதி என்பது கேட்கும். அந்த வித்தியாசத்தைக் காதால் பிடித்ததும் அவள் கோபம் போய்விட்டது.

அப்புறம் குயில். மே மாதத்தில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். "குயில் வந்துடுச்சு, வெயில் வந்துடுச்சு" என்று எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வருடாவருடம் சொல்வார். குயில் எங்கிருந்தும் வரவில்லை. ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது. கார்த்திகையில் அதே பூங்காவில் அத்திப் பழம் தின்றுகொண்டு சத்தமில்லாமல் இருந்ததை நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். மாறியது குரல். கூவுவது ஆண், உடம்பு கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. பெண் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு ஓடும். இரண்டும் ஒரே பறவை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

குயில் ஏன் இப்போது கூவுகிறது? காகம் இப்போது கூடு கட்டுகிறது. குயிலுக்குச் சொந்த வீடு கிடையாது. காக்கைக் கூட்டில் முட்டையிடும். குயில் முட்டை காக்கை முட்டையைவிட இரண்டு மூன்று நாள் முன்பே பொரிக்கும். அந்தச் சின்ன முந்தலில் தீனி முதலில் அதற்குக் கிடைத்துவிடும். ஆக, குயிலின் நாட்காட்டி காகத்தின் நாட்காட்டியோடு கட்டிப் போட்டது. காகம் பத்து நாள் முன்னே பின்னே போனால் குயிலும் போக வேண்டும். ஒன்றின் நேரம் இன்னொன்றின் நேரத்தில் தொங்குகிறது என்பது இந்தத் துறையின் மையமான சேதி. கொன்றையும் வண்டும் அப்படி. வெப்பம் கூடும்போது ஒன்று முந்திக்கொண்டு, மற்றது பழைய நேரத்திலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது ஆய்வாளர்களின் கவலை.

நடைபாதை ஓரத்தில் ஒரு ஓணான். ஆண். கழுத்திலிருந்து தோள் வரை சிவப்பு ஏறி, தண்டால் எடுப்பது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ரத்தம் குடிக்குது" என்று ஓடினாள். என் வயதுக்காரர்களும் இதையே சொல்லி அதைக் கல்லால் அடித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு ஏறும் நிறம். பெண்ணுக்குக் காட்டவும், பக்கத்து ஆணை மிரட்டவும். சீசன் முடிந்தால் மறுபடி பழுப்பு.

சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் அவளை உட்கார வைத்ததுதான் அன்றைய நடையில் நீண்ட நேரம் எடுத்த இடம். மழையும் தண்ணீர்க் குழாயும் எட்டாத புழுதி அது. அதில் ஏழெட்டுக் குழிகள், புனல் வடிவத்தில், ஒரு ரூபாய் நாணயம் கொள்ளும் அகலத்தில். புத்தகங்களில் குழிநரி என்று போட்டிருக்கும். நாங்கள் சின்ன வயதில் குழிப்பூச்சி என்போம். குழியின் அடியில் புழுதிக்குள் ஒளிந்திருப்பது ஒரு புழுப் பருவப் பூச்சி, இரண்டு கொடுக்கு மாதிரித் தாடைகள் மட்டும் வெளியே. காய்ந்த மணலைக் குவித்தால் ஒரு அளவுக்கு மேல் சரிவு நிற்காது, வழிந்துவிடும், இல்லையா? குழியின் சுவர் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. ஒரு எறும்பு கால் வைத்தால் போதும், தரை அதன் காலடியில் நழுவும். ஏற முயன்றால் கீழேயிருந்து பூச்சி தலையால் மண்ணை வாரி மேலே வீசும். எறும்பு மண்ணோடு சேர்ந்து இறங்கி நேரே தாடைக்குள்.

ஒரு காய்ந்த புல்லால் ஓரத்தை லேசாகச் சுரண்டினேன். உடனே உள்ளேயிருந்து மண் தெறித்தது. அவள் "ஐயோ!" என்று பின்னால் சாய்ந்து, பிறகு இருபது நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு எறும்பைப் பிடித்துப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அதுவாக வரட்டும் என்றேன். வந்தது. தப்பித்துப் போனது. அடுத்தது தப்பவில்லை. இந்தப் பூச்சி பின்பக்கமாகவே நகரும். வளர்ந்து சிறகு முளைத்தால் தட்டான் மாதிரி இருக்கும், மாலையில் விளக்கடிக்கு வரும். குழிக்குக் காய்ந்த புழுதி வேண்டும். பெரிய மழை ஒன்று பெய்து தரை சேறானால் அன்றோடு கடை மூடல். அதனால் வெயில் காலத்தில்தான் இதற்கு நல்ல வியாபாரம்.

எட்டரை மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. காகங்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன, சிறகை உடம்பிலிருந்து சற்று விலக்கி. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் வழியாகத்தான் சூட்டை இறக்க வேண்டும். எங்கோ உயரத்தில் குக்குறுவான் மட்டும் "டுக் டுக் டுக்" என்று தட்டிக்கொண்டே இருந்தது. சென்னையில் மே மாதம் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகிற நாளில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அண்ணா நகர் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் எங்களுக்கு அது இன்னும் மெதுவாக வந்து சேரும். வீட்டுக்குப் போய் நீராகாரம் குடித்தோம்.

மாலையில் மறுபடி போனோம், ஒரே ஒரு மரத்துக்காக. தூங்குமூஞ்சி மரம். ஆறு மணிக்கு மேல் அதன் இலைகள் ஒவ்வொன்றாக ஜோடி சேர்ந்து மடங்கும். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் சின்ன வீக்கம் இருக்கும். அதன் செல்களில் நீர் ஏறினால் இலை விரியும், இறங்கினால் மடங்கும். மேகம் கவிந்தாலும் மடங்கும். அப்படியானால் வெளிச்சத்தைப் பார்த்துத்தானே செய்கிறது என்று தோன்றும். பாதிதான் சரி. 1729-ல் மெய்ரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் பகல் வேளையில் இலை விரிந்தது, இரவில் மடங்கியது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது; வெளிச்சம் அதன் முள்ளைச் சரிசெய்து வைக்கிறது. காலையில் அவள் கேட்டதற்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. நாள் கணக்குக்குக் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. ஆண்டுக் கணக்குக்கு, அந்தக் கடிகாரத்தை வைத்து இரவின் நீளத்தை அளக்கிறது. கூடவே வெப்பத்தையும் ஈரத்தையும் கேட்டுக்கொள்கிறது.

நீங்களும் தொடங்க வேண்டுமென்றால் ஒரு நோட்டுப் போதும். கேமரா, பைனாகுலர் எல்லாம் அப்புறம். முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்: நோட்டில் "கொன்றை பூத்திருக்கிறது" என்று பதினாறு தடவை எழுதியிருக்கிறேன். மொட்டா, பாதி விரிந்ததா, உதிர ஆரம்பித்ததா, ஒன்றும் தெரியாது. பதினாறு வரியும் வீண். பிறகுதான் புத்தி வந்தது. இதற்கான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தவை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் (நன்றாக விரிந்தது), வீ (உதிர்வது), செம்மல் (விழுந்து வாடியது). அரும்பி வருவதில் தொடங்கி, கீழே விழுந்து வாடுவது வரை பூவுக்கு ஏழு நிலை. இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. காய்ப்புக்குப் பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், பழம். அகராதிக்கு அகராதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை, உங்கள் நோட்டில் ஒரே பொருளில் எழுதினால் சரி. தேதி, மரம், நிலை, மரத்தில் எவ்வளவு பங்கு அந்த நிலையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, அதே மரம். இல்லாததையும் எழுதுங்கள். "இன்று பூ இல்லை" என்ற வரி இருந்தால்தான் பூ வந்த நாள் எது என்று பின்னால் தெரியும்.

இப்படி எழுதி வைத்ததன் பலனுக்குக் கியோட்டோ ஒரு சாட்சி. அந்த ஊரில் செர்ரி பூத்த நாட்களை அரண்மனைக் குறிப்புகளிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,200 ஆண்டுகளுக்கு வரிசை கட்டியிருக்கிறார்கள். எழுதியவர்கள் விருந்துக்கு நாள் பார்த்தவர்கள். பருவநிலை ஆய்வு என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 2021-ல் அங்கே பூ உச்சத்தைத் தொட்ட மார்ச் 26, அதுவரை அந்த வரிசையில் இருந்த எல்லா நாட்களையும்விட முந்திய நாள். நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் பார்த்துப் பதிவு செய்யலாம், பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கொன்றை, வேம்பு, புங்கை மூன்றில் ஒன்று என்றால் தவறே வராது. புங்கை எனக்குத் தனிப் பிரியம். மற்றவை காய்ந்து நிற்கும்போது பளபளவென்று புதுத் தளிரோடு நிற்கும், அடியில் பொரி சிதறியது போலப் பூ கிடக்கும். குல்மொகர் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதையும் பார்க்கலாம், தப்பில்லை.

ஜூனில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது பாதி எழுதிய நோட்டு ஒன்றும் கூடவே போனது. இரண்டு வாரம் கழித்து அக்காவின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி. "மாமா, எங்க ஸ்கூல் கொன்றையில இன்னும் மூணு சரம் அலர் இருக்கு. வீ நிறைய. உங்களுது என்னாச்சு?"

நான் அந்த வாரம் போகவே இல்லை. அன்று மாலை செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். சருகுக்கு நடுவே செம்மல் மட்டும் கிடந்தது. மேலே புதுத் தளிர், அதற்குள் குச்சி மாதிரி மெலிந்த பச்சைப் பிஞ்சு இரண்டு. விரலால் அளந்து சொல் என்பாள். எட்டவில்லை.